மலைவீட்டுச் சமையலறை: எண்ணெய், நெய், மளிகை எதை எந்த வரிசையில் மாற்றுவது

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருந்தது. அன்று சாயங்காலமே நான் செய்த முதல் காரியம் தப்பான காரியம். இருந்த பாக்கெட் எண்ணெயை ஓரங்கட்டிவிட்டு, ஐந்து லிட்டர் மரச்செக்குக் கடலை எண்ணெய் வாங்கி வந்து வைத்தேன். ஐந்து லிட்டரும் இருபத்தாறே நாளில் காலி. நல்ல எண்ணெய்தானே என்று கை தாராளமாகிவிட்டது.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகளுக்கு இதே மாற்றத்தில் கூடமாட உதவியிருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: எது நல்ல எண்ணெய் என்ற கேள்வியில் ஆரம்பிக்கிறார்கள். எவ்வளவு போகிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றிச் செய்தால் காசு போகும், பலன் பாதிதான் வரும்.

இதய நோய்க்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது பொதுவான வீட்டுச் சமையலுக்கு.

தொடங்குமுன் வேண்டியவை

5 மில்லி பிடிக்கும் அளவுக் கரண்டி ஒன்று. கிராம் காட்டும் சின்னத் தராசு. கை நுழையும் அளவு வாய் அகன்ற எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டு, நிறமுள்ள கண்ணாடி பாட்டில்கள் இரண்டு. காலண்டர் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட பேனா. இந்தப் பேனாதான் முக்கியம், தேடி எடுக்கும் இடத்தில் இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள்.

1. ஒரு மாதம் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

எண்ணெய் பாக்கெட்டை எந்தத் தேதியில் வெட்டினீர்கள் என்று காலண்டரில் எழுதுங்கள். நெய், வெண்ணெய், ரேஷன் பாமாயில், ஊறுகாய்க்கு ஊற்றிய நல்லெண்ணெய், எல்லாம் கணக்கில் வரும். இந்த மாதம் சிக்கனம் பிடிக்க வேண்டாம். உங்கள் வழக்கம் என்ன என்று தெரிவதற்காகத்தான் இது.

மாதக் கடைசியில் கூட்டுங்கள். அதிக உடலுழைப்பு இல்லாத ஒரு பெரியவருக்கு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை என்பது நம் நாட்டில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நடுவில் 25 என்று எடுத்தால், நாலு பேருக்கு 30 நாளைக்கு 3 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், ஆகவே நெய், வெண்ணெய் சேர்த்தே மூன்றேகால் லிட்டருக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டில் அப்போது ஐந்தரை போய்க்கொண்டிருந்தது.

செக்கு எண்ணெய், ரீஃபைண்டு, நெய், ஆலிவ் எல்லாமே கொழுப்புதான், கிராமுக்கு 9 கலோரி. தரம் மாறினால் வேறு நன்மைகள் உண்டு, இந்த 9 மட்டும் மாறாது. பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி, "அக்கா, செக்கு எண்ணெய்தானே, எவ்வளவு ஊத்தினாலும் ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். அவள் கையில் அப்போது தோசைக் கரண்டி, அதன் விளிம்பு வரை எண்ணெய்.

வழக்கமான தவறு: ஐந்து லிட்டர் கேனிலிருந்து நேராக வாணலியில் சாய்ப்பது. கேன் கனமாக இருக்கும்போது கை நினைத்த இடத்தில் நிற்காது. அளந்து பார்க்கும் மாதம் முடிந்ததும், காலையில் அன்றைய அளவை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்படியில் வைத்துவிடுங்கள், அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். நாலு பேருக்கு அன்றைய நெய்யையும் கழித்தால் 100 மில்லிக்குக் கொஞ்சம் உள்ளே வரும்.

2. எண்ணெய்யைக் குறைக்க, தாளிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

இந்த உயரத்தில் இது சமவெளியைவிட அதிகம் உதவும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி கீழே. கொதிக்கிறது என்று பார்த்து ஏமாறுகிறோம், உள்ளே காய் வெந்திருக்காது. வேகவில்லையே என்று வாணலியில் போட்டு வதக்க, அடி பிடிக்க, மறுபடி எண்ணெய் ஊற்ற, இப்படியே இரண்டு கரண்டி நாலாகிறது.

மாற்றுவழி எளிது. பீன்ஸ், கேரட், நூல்கோல், முட்டைக்கோஸ் எதுவானாலும் நறுக்கி, உப்பும் இரண்டு கை தண்ணீரும் தெளித்து, மூடி போட்டு முதலில் ஆவியில் வேகவிடுங்கள். தண்ணீர் சுண்டியதும் தனியாக இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே கொட்டிப் பிரட்டுங்கள். கடைசியில் போட்ட எண்ணெய் காயின் மேலேயே நிற்கும், நாக்குக்கு முதலில் தெரியும். முதலிலேயே ஊற்றிய எண்ணெய் காய்க்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

குக்கரும் இங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்கும். கீழே சமவெளியில் நாலு விசில் என்றால் இங்கே ஐந்து.

குழம்பு, தொக்கு வகைக்கு எல்லாக் குறிப்பிலும் ஒரு வாசகம் வரும்: எண்ணெய் பிரியும் வரை வதக்கவும். எண்ணெய்யைப் பாதியாக்கினால் அது பிரிந்து தெரியாது. தெரியவில்லையே என்று புதிதாகச் செய்பவர்கள் இன்னொரு கரண்டி ஊற்றிப் பிரிய வைத்துவிடுவார்கள்! பிரிவதைப் பார்க்காதீர்கள். வெங்காயம், தக்காளியின் பச்சை வாடை போய், மசாலா கரண்டியோடு சுருண்டு வாணலியை விட்டு வருகிறதா என்று பாருங்கள். அடிபிடித்தால் ஒரு கரண்டி வெந்நீர் போதும்.

இந்த இரண்டு படிக்கு மட்டும் ஆறு வாரம் கொடுங்கள். நாக்கு பழகாமல் அடுத்ததற்குப் போனால் வீட்டில் எதிர்ப்பு கிளம்பும்.

3. இரண்டு எண்ணெய், ஒரு நெய்: இதற்கு மேல் அடுக்க வேண்டாம்

அலமாரியில் ஏழு பாட்டில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் சிக்கு வாடை அடிக்கும். நாலு பேர் வீட்டில் இரண்டு எண்ணெய்தான் கெடுவதற்குள் தீரும். ஒன்றே ஒன்று போதாதா என்றால், ஒவ்வொரு எண்ணெயிலும் கொழுப்பின் கலவை வேறு. இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

கடலை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும் வகை, ஐந்தில் ஒரு பங்குக்குள். பாதிக்கு அருகில், ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருக்கும் அதே ஒற்றை நிறைவுறா வகை. தினசரிப் பொரியலுக்கும் எப்போதாவது பொரிப்பதற்கும் இதுவே என் முதல் தேர்வு. நல்லெண்ணெயில் நிறைவுற்றது சுமார் 15 சதவீதம்தான். எளிதில் சிக்கு அடிக்காமல் காக்கும் பொருள்கள் அதிலேயே இருப்பதால்தான் ஊறுகாய்க்கு அதை ஊற்றுகிறோம். புளிக்குழம்பு, இட்லிப் பொடி, தோசை இவற்றுக்கு அது.

தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் வரை நிறைவுற்ற கொழுப்பு. கூடலூர்ப் பக்கம் அதுதான் வீட்டு எண்ணெய், அவர்களை மாறச் சொல்லி நான் வாதாடுவதில்லை. ஆனால் கொழுப்பு கூடியவர் இருக்கும் வீட்டில் அதைத் தினசரி எண்ணெயாக வைக்க மாட்டேன். அவியலுக்கும் கூட்டுக்கும் கடைசியில் ஒரு தேக்கரண்டி விட்டால் மணம் முழுக்க வந்துவிடும். நெய்யிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்றதே. பருப்புச் சோற்றுக்கு ஒரு தேக்கரண்டி என்று அளந்து விடுங்கள்.

சூரியகாந்தி, தவிட்டு எண்ணெய் ரீஃபைண்டு வகைகளைப் பூதமாக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் அவற்றை இரண்டில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், பொரிக்கும் வேலையைக் கடலை எண்ணெய்க்கு விட்டுவிட்டு.

ரேஷன் பாமாயில் பற்றி எல்லோரும் தயங்கித்தான் கேட்பார்கள். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளைத் தூக்கி எறி என்று தேயிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் வீட்டில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. அதில் பாதிக்கு அருகில் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே அதை மாதக் கணக்கில் சேர்த்து, வடை, அப்பளம் பொரிக்கும் நாளுக்கு ஒதுக்கி, தினசரித் தாளிப்புக்கு மட்டும் கடலை எண்ணெய் அரை லிட்டர் தனியாக வாங்கச் சொல்கிறேன். செலவு பெரிதாகக் கூடுவதில்லை.

4. பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் என்ன இருந்தாலும் விட்டுவிடுங்கள். கொலஸ்ட்ரால் இல்லாதது என்று போட்டிருப்பார்கள். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் இருக்காது.

பின்பக்கம் பார்க்க வேண்டியவை இவை. முதலில் பொருளின் பெயர். கடலைப் படம் போட்ட பாக்கெட்டில் "பிளெண்டட் எடிபிள் வெஜிடபிள் ஆயில்" என்று இருந்தால் அது கலப்பு எண்ணெய். எது எத்தனை சதவீதம் என்று அதிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், படித்தால் கடலை 20 சதவீதம் என்று இருக்கும், மீதி பாமாயில். இரண்டாவது நிகர எடை. ஒரு லிட்டர் போலத் தெரியும் பாக்கெட்டில் 800, 750 கிராம் என்று இருக்கலாம், 910-ஐ மனதில் வைத்து விலையைக் கணக்கிடுங்கள். அப்புறம் தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும்.

நல்லெண்ணெய் அலமாரியில் கூடுதல் கவனம் வேண்டும். விளக்கேற்றும் எண்ணெயும் அதே மாதிரி மஞ்சள் பாட்டிலில், அதே தட்டில், விலை குறைவாக நிற்கும். சமையலுக்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். சென்னையிலிருந்து இங்கே குடிவந்த ஒருவர் இரண்டு மாதம் அதில் தோசை சுட்டிருக்கிறார்.

5. செக்கில் வாங்கினால், முதலில் விலையைக் கேட்டு மனக்கணக்குப் போடுங்கள்

நம் மலையில் கடலையும் எள்ளும் விளைவதில்லை. எண்ணெய் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்தோ, தேங்காய் எண்ணெய் என்றால் காங்கேயம் பக்கத்திலிருந்தோதான் ஏறி வர வேண்டும். ஏறி வரும் வழியில் "செக்கு" என்ற சொல் மட்டும் மிஞ்சி, உள்ளே இருப்பது மாறிவிடுவதும் உண்டு. நானே ஒரு கடையில் எட்டு மாதம் ஏமாந்தேன்.

ஏமாந்தது தெரியவந்தது ஒரு மனக்கணக்கில். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் செக்கில் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். எள்ளும் கிட்டத்தட்ட அதே அளவு. கொப்பரை என்றால் 1.6 முதல் 1.8 கிலோ. நிலக்கடலைப் பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை கிலோ 325. புண்ணாக்கு ஒன்றரை கிலோ மிஞ்சும், அதை விற்று 60, 70 ரூபாய் திரும்பட்டும். ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி வாடகை சேர்த்தால் அதில் பாதி மறுபடி போய்விடும். ஆக 280-க்குக் கீழே யாராவது சுத்தமான செக்குக் கடலை எண்ணெய் என்று கொடுத்தால், அவர் தர்மம் செய்கிறார், அல்லது வேறு ஏதோ செய்கிறார். பருப்பு விலை மாறினால் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு அதேதான்.

நான் இப்போது செய்வது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேட்டுப்பாளையம் இறங்கும்போது பருப்பை நானே வாங்கி, கண்ணெதிரே ஆட்டி வாங்கி வருவது. அதன் வரிசை இப்படி.

பருப்பைப் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எதுவும் இருக்கக் கூடாது. நாலைந்து இடத்தில் எடுத்து மென்று பாருங்கள், கசந்தால் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்லடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலைக் கெடுப்பது. ரீஃபைன் செய்யும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கில் அந்த வடிகட்டல் கிடையாது. ஆகவே செக்கு எண்ணெய்க்குப் பருப்பின் சுத்தம்தான் ஒரே காவல். செக்கு என்றாலே சுத்தம் என்று நினைப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

கொப்பரையில் பளிச்சென்ற வெள்ளையைத் தேடாதீர்கள். கந்தகப் புகை காட்டிய கொப்பரைதான் அப்படி இருக்கும். லேசான பழுப்பும் தேங்காய் மணமும் இருந்தால் போதும்.

ஆட்டும் இடத்தில் முந்தைய ஈடு என்ன என்று கேளுங்கள். எள் ஆட்டிய செக்கில் உங்கள் கடலை விழுந்தால் முதல் அரை லிட்டர் இரண்டும் கெட்டான். எள்ளோடு கருப்பட்டி போடுவதைப் பார்த்துச் சர்க்கரை நோயாளிகள் பயப்படுவார்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது, புண்ணாக்கோடு போய்விடும்.

ஆட்டிய அன்றே பாட்டிலில் அடைக்காதீர்கள். புது எண்ணெயில் ஈரமும் கசடும் இருக்கும். கீழே என்றால் வாய் அகன்ற பாத்திரத்தில் துணி கட்டி ஓரிரு நாள் வெயில் காட்டுவார்கள். இங்கே பனிமூட்டத்தில் துணி கட்டி வைத்தால் ஈரம் உள்ளேதான் இறங்கும். மூடி போட்டு, அசையாத இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம் மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுங்கள். அடியில் நிற்கும் மண்டியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து முதல் வாரமே தீர்த்துவிடுங்கள், மண்டியோடு அடைத்த பாட்டில்தான் முதலில் சிக்கு அடிக்கும்.

6. குளிரை வைத்துச் சோதிப்பது, அது எதுவரை சொல்லும் என்பதும்

தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சுற்றில் உறையும். நம் வீட்டில் அது வருஷத்தில் பெரும்பாலான நாள் கல். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரவு ஜன்னலோரம் வையுங்கள். காலையில் ஒரே மாதிரி வெள்ளையாக உறைந்திருக்க வேண்டும். மேலே தனியாக ஒரு அடுக்கு தளும்பினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

கடலை எண்ணெய்யை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் மங்கலாகித் தடிக்கும். மார்கழி, தை மாதக் காலையில் வெளியே வைத்தாலும் லேசாகக் கலங்கும். கெட்டுவிட்டது என்று கொட்டியவர்கள் உண்டு. கெடவில்லை, அறைக்கு வெயில் வந்ததும் தெளிந்துவிடும். பாமாயில் இன்னும் சீக்கிரம் பூத்துப்போய் வண்டலாக நிற்கும்.

இந்தச் சோதனையை முழுக்க நம்பிவிடாதீர்கள். பாமாயில் கலந்த கடலை எண்ணெயும் மங்கும். தேங்காய் எண்ணெயில் பாமாயில் பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் கலந்தால் அதுவும் சேர்ந்து உறையும். அதனால்தான் விலைக் கணக்கை இதற்கு முன்னால் வைத்தேன்.

நெய்யில் உருளைக்கிழங்கு மசியல் கலப்பார்கள். உருக்கிய ஒரு கரண்டியில் இரண்டு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டால், மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். நான் சோதிப்பதைவிட வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்கிறேன், ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே நெய் நிற்கும்.

7. எங்கே வைப்பது

எண்ணெய்யைக் கெடுப்பவை வெளிச்சம், சூடு, காற்று, ஈரம். மலையில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம் உண்டு. ஆனால் அடுப்புக்குப் பக்கத்து அலமாரி மலையிலும் சூடுதான். நிறக் கண்ணாடியில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்து, மீதியை எவர்சில்வரில் விளிம்பு வரை நிரப்பி இருட்டில் வையுங்கள். பாதி காலியான டப்பாவில் பாதி காற்று.

தேங்காய் எண்ணெய்க்குக் குறுகிய வாய் பாட்டில் வாங்கவே வாங்காதீர்கள். உறைந்ததும் எடுக்க முடியாமல் கத்தியால் குத்துவதும், பிளாஸ்டிக் பாட்டிலை அடுப்பு ஓரம் வைத்து அது வளைந்து கவிழ்வதும் இங்கே புதிதாக வருபவர்களின் முதல் குளிர்காலச் சடங்கு. வாய் அகன்ற டப்பா, உலர்ந்த கரண்டி. ஈரக் கரண்டி பட்டால் பூஞ்சை.

பழைய டப்பாவில் மிச்சமிருக்கும் எண்ணெய் மேல் புதியதை ஊற்றாதீர்கள். பழையதன் சிக்கு புதியதையும் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போகும். தீர்த்து, சோப்பு போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய வைத்து அப்புறம் ஊற்றுங்கள்.

இன்னொன்று, கீழே இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எண்ணெய்க் கேனைத் திண்ணையிலோ பின்கட்டிலோ வைக்காதீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி இரவில் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெய்யைக் குடித்துவிட்டுப் போவது அடிக்கடி செய்தியில் வருகிறது. தேயிலைக்குள்ளிருந்து வரும் அதற்குச் செக்கு எது, பாமாயில் எது என்ற வித்தியாசம் கிடையாது.

8. பொரிக்கும் நாளில்

பொரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, நாள் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மாதம் இரண்டு.

செக்குக் கடலை எண்ணெய் காய்ந்ததும் நுரைத்துப் பொங்கும். வடிகட்டப்படாத பிசின் பொருள்கள் அதில் இருப்பதுதான் காரணம். வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு சின்னப் புளி உருண்டையைப் போட்டுப் பொரித்தெடுத்தபின் வேலையைத் தொடங்குவது நம் வீடுகளின் பழைய கைப்பக்குவம்.

இந்த உயரத்தில் பொரிக்கும் சூட்டையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஈரம் குறைந்த சூட்டிலேயே ஆவியாவதால், கீழே செய்த அதே தீயில் இங்கே வைத்தால் மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். சமவெளியில் 180 டிகிரி என்றால் இங்கே 170 சரி. சூடுமானி இல்லாவிட்டால் மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் இரண்டு நொடி தங்கி மேலே வர வேண்டும். உடனே எழும்பினால் தீ அதிகம். எழும்பவே இல்லை என்றால் காயவில்லை, அப்போது போட்டால் எண்ணெய் குடிக்கும்.

மிஞ்சியதை ஆறவைத்து வடிகட்டி, மூன்று நான்கு நாளுக்குள் தாளிப்பிலேயே தீர்த்துவிடுவேன். இன்னொரு முறை பொரிக்க மாட்டேன். கடைகளுக்கு, எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. வீட்டில் அதை அளக்கக் கருவி இல்லை. நிறம் கறுத்தாலோ, காய்வதற்கு முன்பே புகைந்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ முடிந்தது கதை. கழுநீர்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், இங்கே எல்லாச் சாக்கடையும் ஏதோ ஓர் ஓடைக்குத்தான் போகிறது. தோட்டத்திலும் ஊற்றாதீர்கள், மேலே சொன்ன விருந்தாளி வருவார். பழைய துணியிலோ காகிதத்திலோ ஊறவிட்டுக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம்.

9. மளிகையும் காயும்

துவரம்பருப்பில் இங்கே முதல் கேள்வி வயது. பழைய பருப்பு இந்த உயரத்தில் பிடிவாதமாகக் கல்லாகவே இருக்கும். எத்தனை விசில் விட்டாலும் வேகாமல், கடைசியில் அதை மறைக்க நெய் ஊற்றுவோம். ஒரு பிடி வாங்கி வந்து அரை மணி நேரம் ஊறவைத்து நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உடைந்தால் மூட்டை வாங்கலாம்.

மிளகாய், மல்லி, மஞ்சள் முழுசாக வாங்கி அரைப்பதே நல்லது. ஆனால் மலையில் காயவைப்பதுதான் பாடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரைக்க நினைத்தால் மாவுமில்லில் திரித்த சூட்டோடு ஈரமும் சேர்ந்து பத்தே நாளில் கட்டி விழும். மாசி, பங்குனி வெயிலில் ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் காயவைத்து அரைத்து, ஆறியபின் டப்பாவில் போடுங்கள். வாங்கிய மஞ்சள்தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் தூவுங்கள். நல்ல தூள் லேசான மஞ்சள் காட்டி அடியில் படியும். தண்ணீர் முழுக்கச் சாயம் போல மாறினால் வேண்டாம்.

மிளகு நம் மலைச் சரிவிலேயே கிடைக்கும். பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் மிதக்கும். ஆனால் முற்றாத நல்ல மிளகும் மிதக்கும், ஆகவே மிதப்பதைக் கடித்துப் பாருங்கள். காரம் இல்லாதது பப்பாளி.

கேரட்டை மண்ணோடு வாங்குங்கள். கேத்தி பாலாடா போன்ற இடங்களில் இயந்திரத்தில் கழுவிப் பளபளவென்று அனுப்புவார்கள், அது வெளியூர்ச் சந்தைக்கு. கழுவியதில் தோல் உராய்ந்துவிடுவதால் நாலு நாளில் வழவழக்கும். மண்ணோடு இருப்பது நம் குளிரில் இரண்டு வாரம் நிற்கும். உருளைக்கிழங்கில் பச்சை பாய்ந்திருந்தால் ஆழமாகச் சீவி எறியுங்கள், நிறையப் பாய்ந்திருந்தால் கிழங்கையே எறியுங்கள்.

பர்லியார், கல்லாறு பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட்டைச் சர்க்கரை போட்டு ஜூஸாக்காமல், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை சேர்த்து மசித்து ரொட்டிக்குத் தடவிப் பாருங்கள். வெண்ணெயும் ஜாமும் மிச்சம். அதிலும் கொழுப்பு உண்டுதான், ஆனால் பெரும்பகுதி கடலை எண்ணெயில் சொன்ன அந்த ஒற்றை நிறைவுறா வகை.

10. வெளியிலிருந்து வரும் கொழுப்பு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலிலேயே சொன்னால் யாரும் மேலே படிக்க மாட்டார்கள். டீயோடு வர்க்கி, நம் பேக்கரிகளின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்.

வர்க்கியின் அடுக்கு கொழுப்பால்தான் வருகிறது. மாவை மடிக்கும் ஒவ்வொரு முறையும் நடுவே தடவுகிறார்கள். பெரும்பாலும் வனஸ்பதி. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு (எண்ணெய்யை வனஸ்பதியாகக் கெட்டியாக்கும்போது உண்டாகும், இதயத்துக்குக் கெடுதலான வகை) 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் பழைய ஆபத்து குறைந்திருக்கிறது, நிறைவுற்ற கொழுப்பு அப்படியே இருக்கிறது. வீட்டுச் சாக்லேட் என்று விற்பதிலும் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு போட்ட காம்பவுண்டு நிறைய. அட்டையில் சேர்மானம் அச்சிட்டிருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

நான் கேட்டேன். வழக்கமாக வாங்கும் பேக்கரியில், அடுப்பு பக்கத்திலிருந்து வந்தவரிடம், "தம்பி, வர்க்கிக்கு வெண்ணெயா போடறீங்க?" என்றேன். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "டால்டாதான்க்கா. வெண்ணெயில போட்டா இந்த விலைக்கு உங்களுக்கே கட்டாது." கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்து, காலண்டரில் அன்றைய கட்டத்தில் அதையும் எழுதினேன்.